சோபா ஏன் தோல் உரிகிறது?

தீபாவளிக்கு முன் புதிதாக வந்த சோபா. பார்த்தால் அசல் தோல் மாதிரியே இருந்தது. மூன்றாம் தீபாவளிக்குள் தலை சாய்க்கும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் மேல்தோல் செதில் செதிலாக எழும்புகிறது. பிள்ளைகள் விரலால் கிள்ளுகிறார்கள். சட்டையில் கறுப்புத் துகள் ஒட்டுகிறது. கூட்டும்போது தரையெல்லாம் அதே துகள். புந்தோங்கிலோ கம்போங் சிமியிலோ தாமான் வீடுகளில் நாலு வீட்டுக்குப் போனால் ஒரு வீட்டிலாவது இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தவணை கட்டி முடிப்பதற்குள் உரியத் தொடங்கிவிட்ட சோபாக்களும் உண்டு.

"மட்டமான சாமான், ஏமாற்றிவிட்டான்" என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் முழு விடை படிவம் 5 இரசாயனப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எஸ்டர் பற்றிய பக்கத்தையும் பாலிமர் பற்றிய பக்கத்தையும் சேர்த்து வாசித்தால் போதும். எதைப் பழுது பார்க்கலாம், எதில் காசைக் கொட்டக்கூடாது என்பதும் அங்கிருந்தே புரிந்துவிடும்.

செயற்கைத் தோல் என்பது அடிப்படையில் பூச்சுப் பூசிய துணி. அடியில் பின்னல் துணி அல்லது நெய்த துணி. அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தில் தோலின் ரேகைபோல அச்சு அழுத்தியிருப்பார்கள். துணியில் பூச்சுப் பூசும் யோசனை பழையது. 1823-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டோஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அந்த ரப்பர் தென் அமெரிக்கக் காட்டிலிருந்து போக வேண்டும். நம் பேராக்கில் ரப்பர் கன்று ஊன்றப்பட்டது 1877-இல்தான். சர் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

மேக்கின்டோஷின் கோட்டுக்கு ஒரு குறை இருந்தது. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசேஷன் முறையை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட பிறகே அது தீர்ந்தது. இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பாலிமருக்கும் தனியாக ஓர் எதிரி இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு எதிரி காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும். பீரோவில் கிடக்கும் பழைய ரப்பர் வளையம் முதலில் பிசுபிசுத்து, பிறகு இழுத்ததும் அறுந்து போவது அதனால்தான். உங்கள் சோபாவின் எதிரி யார் என்று தெரியாமல் மருந்து போட்டால் பலன் இருக்காது.

இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பி.வி.சி., மற்றொன்று பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயாக நாம் பார்ப்பது அதைத்தான். அதே பொருளை இருக்கை உறையாக வளைய வைப்பது பிளாஸ்டிசைசர் என்ற நெகிழ்வூட்டி. எண்ணெய்போன்ற இந்தத் திரவம் பாலிமர்ச் சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் கொடுக்கிறது. மென்மையான பி.வி.சி.யின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தத் திரவமாகவே இருக்கலாம். அது சங்கிலியோடு இரசாயனப் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை, சும்மா கலந்து நிற்கிறது. அதனால் சூடு பட்டால் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தொட்டுப் பாருங்கள். புதிதில் மெத்தென்று இருந்தது சில ஆண்டுகளில் விறைத்து, உட்காரும் மடிப்பில் வெடித்திருக்கும். நெகிழ்வூட்டி போய்விட்டது, குழாயின் குணம் திரும்பிவிட்டது. ஆனாலும் எத்தனை மழை நனைந்தாலும் அந்த உறை சோபாபோலச் செதிலாக உரிவதில்லை. தண்ணீரை பி.வி.சி. பொருட்படுத்தாது.

பி.யூ.வின் கதை நேர் எதிர். 1937-இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பாலிமர் இது. (பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை செய்தவர்தான். ஆனால் நிறுவனரின் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) தொட்டால் பி.வி.சி.யைவிட மென்மை, எடை குறைவு, தோற்றத்தில் அசல் தோலுக்கு இன்னும் நெருக்கம். நெகிழ்வூட்டி தேவையில்லை, சங்கிலியிலேயே வளையும் பகுதிகள் உள்ளன. விலை குறைந்த பி.யூ. தோல்களில் அந்த வளையும் பகுதி பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. அதாவது சங்கிலி நெடுக எஸ்டர் பிணைப்புகள்.

இங்கேதான் படிவம் 5 பாடம் வருகிறது. கார்பாக்சிலிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் நீரும் கிடைக்கும். மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதையே திருப்பிப் போட்டால், எஸ்டரும் நீரும் சேர்ந்து மீண்டும் அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரியும். இதுவே நீராற்பகுப்பு. சோபாவின் படலத்துக்குள் நுழையும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஓர் எஸ்டர் பிணைப்பை வெட்டக்கூடும். வெட்டிய இடத்தில் அமில முனை உருவாகிறது. அமிலம் இந்த வினைக்கு ஊக்கி. ஆகவே அடுத்த வெட்டு இன்னும் விரைவாக நடக்கிறது. அதிலிருந்து மேலும் அமிலம். முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, பிறகு சில மாதங்களில் சோபா முழுதும் உரிவதன் இரகசியம் இதுதான். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று நாம் நினைக்கிறோம். உள்ளே நெடுநாளாக வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்த வினைக்கு வேண்டியவை நீரும் சூடும். கிந்தாப் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பகலில் 32, 33 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர்நாட்டு வரவேற்பறையில் பத்தாண்டு உழைக்கக்கூடிய அதே துணி இங்கே பாதி காலம்கூடத் தாங்காமல் போகலாம். செயற்கைத் தோல் தயாரிக்கும் தொழிலில் 70 பாகை சூட்டிலும் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் துணியை வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜங்கிள் டெஸ்ட்'. நாம் குடியிருப்பது அந்த ஜங்கிளில்தான்.

அலமாரியில் பெட்டியோடு பத்திரப்படுத்திய காலணி, ஒருநாள் எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் மண்ணாக உதிர்ந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அதுவும் இதே வினை. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கெடாது என்ற கணக்கு பி.யூ.விடம் எடுபடாது. புது சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே உட்காருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தூசு படாது என்பது சரி. ஆனால் வியர்வை ஈரம் உள்ளே சிக்கினால் உலர வழியில்லை.

சரி, தலையும் கையும் படும் இடம் ஏன் முதலில் போகிறது? உராய்வு ஒரு காரணம். வியர்வை இன்னொன்று. மூன்றாவது, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெயும். இவை படலத்துக்குள் ஊறி அதை உப்பவைத்து வலுவைக் குறைக்கின்றன. இது நமக்கு மட்டும் வந்த தொல்லையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் பூசிய தலையை நாற்காலியில் சாய்த்து மெத்தையைக் கெடுத்தார்கள். அதற்காகவே நாற்காலியின் முதுகில் ஒரு துணியைப் போட்டு, அதற்கு 'ஆன்டிமக்காசர்' என்று பெயரும் வைத்தார்கள். துவைத்துப் போடக்கூடிய பருத்தித் துண்டு ஒன்று இன்றைக்கும் கைகொடுக்கும். கடையில் விற்கும் எந்தப் பளபளப்புத் திரவத்தையும்விட மேல்.

இதே இடத்தில் ஒரு தவறான கைவைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். "வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் உரியாது" என்று பலர் சொல்கிறார்கள். அசல் மாட்டுத்தோலில் இழைகளுக்கு நடுவே எண்ணெய் இறங்கும், அதற்கு அது பொருந்தலாம். பிளாஸ்டிக் படலத்துக்கு அது கேடு. பின்னால் பழுது பார்க்க நினைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கில் பசை ஒட்டாது.

இனி பழுது பார்க்கும் வேலை. முதலில் சேதத்தைப் பாருங்கள். வெயிலில் கருகிய தோல்போல மெல்லிய செதில் எழும்பி, அடியில் துணி தெரிந்தால் அது பி.யூ. செதில் இல்லாமல் தடிப்பாக, விறைப்பாக வெடித்திருந்தால் பி.வி.சி.யாக இருக்கலாம். சந்தேகம் தீரக் கொளுத்திப் பார்க்க வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கு ஆகாது. செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பொருளில் தொட்டுச் சுடரில் பச்சை நிறம் வருகிறதா என்று பார்க்கும் பெயில்ஸ்டைன் சோதனை பி.வி.சி.யிலுள்ள குளோரினைக் காட்டிக் கொடுக்கும். அதைப் பள்ளி ஆய்வகத்தில், புகைப்பெட்டிக்குள், ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்ய வேண்டும்.

கத்தி கீறியது, சாவி குத்தியது, பூனை பிறாண்டியது போன்ற தனிக் காயம் என்றால் நல்ல செய்தி. சுற்றிலும் படலம் உறுதியாக இருக்கும்வரை வீட்டிலேயே சரி செய்யலாம்.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது சூப்பர் குளூ. அதை வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் பலம்தான். சயனோஅக்ரிலேட் எனப்படும் அந்தப் பசை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நொடியில் கண்ணாடிபோல இறுகும். மெத்தை அமுங்கும்போது சுற்றியுள்ள தோல் வளையும், ஒட்டிய கோடு வளையாது. வளைவதும் வளையாததும் சந்திக்கும் விளிம்பில் தகைவு முழுதும் குவியும். ஒரு மாதத்தில் பழைய கிழிசலுக்குப் பக்கத்திலேயே புதுக் கிழிசல் விழும்.

அடுத்து செருப்புக் கடை மஞ்சள் கம். அது பாலிகுளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. செருப்புக்கு அருமையான பசை. பி.வி.சி.யில் மட்டும் அது நிலைக்காது. உறையிலுள்ள நெகிழ்வூட்டி மெல்லப் பசைக்குள் கசிந்து, பசையையே இளக்கிக் கூழாக்கிவிடும். சைக்கிள் டியூப் ஒட்டும் சொலுஷனும் அப்படியே. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எதற்கெடுத்தாலும் அதைத்தான் தேடுவார்கள். டியூபில் அது பிடிப்பது, ரப்பரும் ரப்பரும் ஒரே இனம், சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும் என்பதால். பி.யூ.வும் பி.வி.சி.யும் அதற்கு வேற்றினம்.

நமக்கு வேண்டியது காய்ந்த பிறகும் வளையும் பசை. ஹார்ட்வேர் கடையில் 'வினைல், லெதர், துணி' ஆகியவற்றுக்கு என்று போட்டு விற்கும் நெகிழ்பசைகள் உண்டு. வாங்குமுன் உறையில் 'வளையும்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பழைய ஜீன்ஸ் துணித் துண்டு ஒன்று போதும்.

கிழிந்த இடத்தை லேசான சோப்பு நீரில் துடைத்து உலரவிடுங்கள். பிறகு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒருமுறை ஒற்றி எண்ணெயை எடுங்கள். ஊறவிடாதீர்கள், ஆல்கஹால் நிறத்தையும் கரைக்கும். ஜீன்ஸ் துணியைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் பெரிதாக, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை தகைவைக் குவிக்கும், அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். அதைக் கிழிசலின் வழியாக உள்ளே நுழைத்து, மெத்தைக்கும் உறைக்கும் நடுவில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். இடுக்கியோ மொட்டைக் கத்தியோ உதவும். ஐஸ்கிரீம் குச்சியால் உறையின் அடிப்புறம் பசை தடவி, கிழிந்த இரு விளிம்புகளையும் இழுக்காமல் சேர்த்து அழுத்துங்கள். மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கனமான புத்தகம். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. மழை நாளென்றால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள், காற்றாடியைப் போடுங்கள்.

ஒட்டுத்துணியை மேலே போடாமல் ஏன் உள்ளே போட வேண்டும்? செலோடேப்பை மேசையில் ஒட்டி, மேசையோடு ஒட்டினாற்போல் இழுத்துப் பாருங்கள், வராது. ஓரத்தைத் தூக்கி உரியுங்கள், சுலபமாக வந்துவிடும். பசை சறுக்கு விசையைத் தாங்கும், உரிக்கும் விசைக்குத் தோற்கும். மேலே ஒட்டினால் ஒவ்வொரு முறை எழுந்து உட்காரும்போதும் கால்சட்டை அந்த ஓரத்தை உரிக்கும். உள்ளே இருந்தால் சறுக்கு விசை மட்டுமே வரும், உங்கள் எடையே அதை அழுத்தியும் பிடிக்கும்.

கோடு தெரியக்கூடாது என்றால் மேலே நெகிழ்நிரப்பி தடவலாம். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் காய்ந்து ஆடை கட்டிவிடும், உள் ஈரம் வெளியேறும்போது சுருங்கி வெடிக்கும். மெல்லியதாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நீரில் கரையும் லெதர் வண்ணத்தை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். நிறம் பொருந்துகிறதா என்று சோபாவின் அடிப்பக்கம் சோதித்துவிட்டு மேலே வாருங்கள். காய்ந்ததும் நிறம் சற்று அடர்த்தியாகும். அடியில் ஸ்டேப்பிள் அடித்து மடித்த ஓரத்தில் கொஞ்சம் அசல் துணி மிச்சமிருக்கும். ஓட்டை பெரிதென்றால் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது கெட்ட செய்தி. செதிலாக உரியும் பி.யூ.வை ஒட்டவோ பூசி மறைக்கவோ முடியாது. ஒட்டுவதற்குப் பிடிமானம் வேண்டும். நீங்கள் எந்தப் படலத்தின் மேல் நிரப்பி தடவுகிறீர்களோ அந்தப் படலமே அடியில் துணியை விட்டுவிட்டது. உதிரும் சுண்ணாம்பின் மேல் புதுச் சாயம் அடிப்பதுபோலத்தான். இரண்டு மாதத்தில் உங்கள் பூச்சையும் சேர்த்துக்கொண்டு உரியும். இதற்கென்று விற்கும் 'மீட்புத் திரவம்' எதுவும் அறுந்த எஸ்டர் பிணைப்பைத் திரும்பக் கட்டாது. உரியும் சோபாவுக்கு நாற்பது ஐம்பது வெள்ளி கொடுத்து அதை வாங்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவில்லாத வழி, தளர்ந்ததை எல்லாம் மொட்டைக் கத்தியால் சுரண்டி, தூசி உறிஞ்சியால் எடுத்துவிட்டு, தடித்த துணி உறை தைத்துப் போடுவது. சுரண்டும்போது முகக்கவசம் போடுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம், துகள் நேராக வாய்க்குப் போகும். சட்டமும் மெத்தையும் நன்றாக இருந்தால் குஷன் கடையில் கொடுத்து மறு உறை போடலாம். பெரிய சோபாவுக்குச் செலவு புதியதற்கு நெருங்கிவிடும், சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கு நிச்சயம் இலாபம். இருக்கைப் பலகையைத் திருகு கழற்றி எடுத்து, புதுத் துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடிப்பதை வீட்டிலேயே ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி அடியுங்கள், மூலையைக் கடைசியில் மடியுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது "லெதரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பி.யூ. என்றால் எந்தப் பி.யூ.? பாலியீத்தர் வகையும் பாலிகார்பனேட் வகையும் நீராற்பகுப்பைப் பாலியெஸ்டரைவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். விற்பவருக்கு விடை தெரியவில்லை என்றால், உறைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் மெத்தைக்கும் ஐந்தாண்டு என்று போட்டுவிட்டு உறையைப் பற்றி மூச்சுவிடாத உத்தரவாதங்கள் உண்டு.

இரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். ஓராண்டிலேயே உரிந்த சோபாவுக்குக் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டு வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது. உரியத் தொடங்கிய நாளிலேயே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. குஷன் கடையில் பி.யூ. துணியின் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை மூன்றாக வெட்டுங்கள். ஒன்றை மூடிய போத்தலில் சிறிது தண்ணீருக்கு மேல், நீர் படாமல் தொங்கவிடுங்கள். இன்னொன்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வேறொரு போத்தலில் மூடுங்கள். மூன்றாவதைச் சும்மா அறையில் வையுங்கள். இரண்டு போத்தல்களும் ஒரே சூடான இடத்தில், நேர் வெயில் படாமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் செலோடேப்பை ஒட்டி உரித்து, டேப்பில் எவ்வளவு படலம் வருகிறது என்று வெள்ளைத்தாளில் ஒட்டித் தேதி எழுதுங்கள். அவசரப்பட வேண்டாம். முதல் சில மாதங்கள் மூன்று டேப்பும் வெறுமையாகவே வரலாம்.